காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை: பேரே வாவியோர இளவேனில் நடை

கொழும்பின் பேரே வாவியோரம் நடக்க விரும்பி வழி கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது எந்த நேரத்தில் எந்தக் கரையில் நடக்க வேண்டும் என்பதைத்தான். காலையில் போனால் கிழக்குக் கரையில், அதாவது நீரின்மேல் அமைந்த பௌத்த மண்டபமான சீமா மாளிகையும் சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையும் இருக்கும் பக்கத்தில் நடக்க வேண்டும். மாலையில் போனால் எதிரே உள்ள பெரஹர மாவத்தைப் பக்கத்துக்குப் போய்விட வேண்டும். காலைச் சூரியன் கிழக்கிலிருந்து ஏறும்போது கிழக்குக் கரையோரத்துக் கட்டடங்களும் மரங்களும் அந்தக் கரையின் மீதே நிழலை விரிக்கின்றன; மாலையில் இதே வேலையை மேற்குப் புறக் கட்டடங்கள் செய்கின்றன. காற்றும் இதற்கு ஒத்துழைக்கிறது. விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று நகர்கிறது. முற்பகல் 10, 11 மணிக்கு மேல் கடற்காற்று எழுந்து மேற்கிலிருந்து வீசுகிறது. எனவே இரண்டு வேளைகளிலும் நிழல் விழும் கரையே காற்று வரும் கரையாகவும் அமைந்துவிடுகிறது, வாவியின் வாடை எதிர்க்கரைக்குப் போய்விடுகிறது.

வாடை என்று சொன்னதால் தயங்க வேண்டாம். பேரே வாவியின் நீர் அழுக்கானது என்பது கொழும்பில் யாவரும் அறிந்தது; அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் மார்ச் தொடக்கம் மே நடுப்பகுதி வரை, இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையே இந்த நகருக்குக் கிடைக்கும் வாரங்களில், நேரம் பார்த்துப் போனால் நகரின் நடுவே இதைவிட நல்ல நடை எனக்குத் தெரிந்து வேறில்லை. பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். கொழும்பிலோ பங்குனியிலேயே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. சிங்கள மக்கள் அந்தக் குரலைப் புத்தாண்டின் வருகையோடும் முள்முருக்கம் பூவின் சிவப்போடும் சேர்த்தே நினைக்கிறார்கள். அந்த முள்முருக்கு நமக்கும் அந்நியமன்று. யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் நல்ல நாள் பார்த்து நடப்படும் கன்னிக்கால் அதன் கொப்புத்தான். தெருவோரங்களில் ரொபரோசியா மரங்கள் இலைகளைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கின்றன. அவை ஓய்ந்துவர, கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்கத் தொடங்குகிறது. இவ்வளவும் நடப்பது ஆண்டின் மிக வெப்பமான வாரங்களில் என்பதுதான் சிக்கல். ஏப்ரல் 7ஆம் திகதி அளவில் நண்பகற் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வெப்பமானி 32 பாகை செல்சியஸ் என்றுதான் காட்டும். காற்றிலுள்ள ஈரம் அதை உடம்புக்கு மேலும் பல பாகை கூட்டிக் காட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளை வெளியிடுவதும் இந்த மாதங்களில்தான். ஆகவே காலை 6 மணிக்குப் பிறகு சூரியன் எழும் வேளையில் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அல்லது மாலை 5 மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை நடக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் வாவிக்கரையில் நடப்பவரைப் பார்த்தால் அவர் சுற்றுலாப் பயணியாகத்தான் இருப்பார்.

முழு வாவியையும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்ற எண்ணத்தோடு யாரும் புறப்பட வேண்டாம். புத்தாண்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் பெரியம்மா அப்படித்தான் எண்ணியிருந்தார். அவர் மனத்தில் இருந்தது ஆரியகுளம். 2021 டிசம்பரில் நடைபாதையோடு புதுப்பித்துத் திறக்கப்பட்ட பிறகு, மாலையில் அதைச் சுற்றி நடப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பேரே வாவி அத்தகைய ஒற்றைக் குளமன்று. அது கிழக்கு வாவி, மேற்கு வாவி, தென்மேற்கு வாவி எனத் துண்டு துண்டாகப் பிரிந்து, கால்வாய்களாலும் மதகுகளாலும் இணைந்து கிடக்கிறது. கரையின் பெரும்பகுதி அலுவலகங்களின், களஞ்சியங்களின், படைத்தளங்களின், ரயில் பாதையின் பின்புறமாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 165 ஹெக்டயராக இருந்த நீர்ப்பரப்பு, நிரப்பி நிரப்பி, இன்று 65 ஹெக்டயராகச் சுருங்கியிருக்கிறது. நிரப்பியெடுத்த நிலத்தில் எழுந்தவை நீருக்கு முதுகைக் காட்டியபடியே எழுந்தன. தமிழ் வாசகர் பலர் ஏரிக்கரை என்றே குறிப்பிடும் லேக் ஹவுஸ் கட்டடம், 1932 முதல் தினகரன் வெளிவரும் இடம், இப்போது வாகன நெரிசலின் நடுவே நிற்கிறது. அந்த வாசலில் நின்று வாவியைத் தேடினால் கண்ணில் படாது. நடப்பதற்கு உகந்ததாக எஞ்சியிருப்பது தென்மேற்கு வாவிதான். இரண்டு கரைகளிலும் பாதை உண்டு, மர நிழல் உண்டு, நடுவே ஒரு சிறு தீவும் அதற்குச் செல்ல நடைப்பாலமும் உண்டு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர்களுக்கு ரயிலே நல்ல வழி. கரையோரப் பாதையில் கடலை ஒட்டியே வரும் வண்டி, கொள்ளுப்பிட்டியைத் தாண்டியபின் கடலை விட்டு உள்ளே திரும்பிக் கொம்பனித்தெரு நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து தென்மேற்கு வாவி நடந்து போகும் தூரந்தான். திரும்பி வரும்போது கோட்டைப் பக்கமாகப் போகிறவர்கள் வண்டியின் யன்னலிலிருந்து மேற்கு வாவியையும் பார்த்துவிடலாம். கால்நடையாகச் சென்று காண முடியாத கரைகளை ரயில் காட்டிக்கொடுக்கிறது. வாகனத்தில் வருகிறவர்கள் நிறுத்துமிடம் தேடியே களைத்துவிடுவார்கள் என்பதால் ஓட்டோவில் வந்து இறங்குவதே மேல். கரையை ஒட்டிய வீதிகளில் காலையில் வாகனங்கள் வேகமாக வரும். மஞ்சள் கடவையில்கூட இருபுறமும் பார்த்தே இறங்க வேண்டும்.

காலை நடையை நான் சீமா மாளிகைக்கு அருகில் தொடங்குவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடத்தில் கட்டப்பட்ட மண்டபம் காலப்போக்கில் நீருக்குள் அமிழ்ந்துவிட, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் இப்போதுள்ளதை வடிவமைத்தார். நீரின்மேல் மூன்று மேடைகள், அவற்றை இணைக்கும் சிறு பாலங்கள், நீல ஓடு வேய்ந்த கூரை, சுவருக்குப் பதிலாக மெல்லிய மரச் சட்டங்கள். அநுராதபுரத்திலும் ரிட்டிகலவிலும் இருந்த பழைய வன விகாரைகளின் அமைப்பை அவர் இதில் எடுத்தாண்டார். இதற்கான பொருளை ஒரு முஸ்லிம் வர்த்தகரும் அவரது மனைவியும் தம் இறந்த மகனின் நினைவாக வழங்கினார்கள். அரசமரக் கன்று வளரும் மேடையின் மூலைகளில் சிவன், விஷ்ணு, பிள்ளையார், கதிர்காமக் கந்தன் ஆகியோருக்குச் சிறு சந்நிதிகளும் உள்ளன. பெரியம்மா புத்தரை எட்ட நின்று வணங்கிவிட்டு, பிள்ளையாரைக் கண்டதும் அங்கேயே நின்று தலையில் குட்டிக்கொண்டு மூன்று தோப்புக்கரணமும் போட்டார். முழங்கால் வலிக்கிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். உள்ளே செல்லும்போது காலணிகளைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். காலையில் போனால் தரை குளிர்ந்திருக்கும். நண்பகலுக்குப் பின் வெறுங்காலோடு அங்கே நிற்க முடியாது.

நீரைப் பார்த்ததும் பெரியம்மா கேட்டது எல்லோரும் கேட்கும் கேள்வி: “இதென்ன பிள்ளை, தண்ணி இப்பிடிப் பச்சைச் சாயம் கரைச்ச மாதிரிக் கிடக்கு?”

அந்தப் பச்சை பாசியின் நிறம். வாவியின் ஆழம் குறைவு, நீரோட்டமும் குறைவு. சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் கழிவுநீரோடு நைதரசனும் பொசுபரசும் வந்து சேர்கின்றன. இவையும் வெயிலும் ஒன்றுகூடும்போது நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. காற்று அடங்கிய காலைகளில் அது மேலே மிதந்து, மாலைக் காற்றில் ஒரு கரையாக ஒதுங்குகிறது. நான் மேலே சொன்ன கரைக் கணக்கு பிழைக்கும் இடம் இதுதான். முந்தைய நாள் கடற்காற்று பலமாக வீசியிருந்தால், ஒதுங்கிய பாசி மறுநாள் விடியும்போதும் கிழக்குக் கரையின் மூலைகளில் தடித்துக் கிடக்கும். அந்த நாள்களில் கரையை மாற்ற வேண்டியதில்லை, மூலைகளில் நிற்காமல் கடந்து போனால் போதும். இவ்வகைப் பாசிகளில் சில நச்சுப் பொருள்களை வெளியிடக்கூடியவை. எனவே பிள்ளைகள் நீரில் கை அளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாயைக் கூட்டிச் செல்கிறவர்கள் அது நீரைக் குடிக்காதபடி கயிற்றைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

பாசியால் விடியற்காலையில் இன்னொரு காட்சியும் உண்டாகிறது. பகலில் ஒட்சிசனை வெளியிடும் பாசி, இரவில் தானும் சுவாசித்து நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைத்துவிடுகிறது. சூரியன் எழும் வேளையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். அப்போது மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இத்தகைய நீரிலும் தாக்குப்பிடிக்கும் இனம். அதுவும் அந்த நேரத்தில் மேலேதான் நிற்கும். இது கொக்குகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் கூழைக்கடாக்களுக்கும் நன்றாகத் தெரியும். 7 மணிக்கு முன் வந்தால் பறவைகள் உணவு தேடுவதைப் பார்க்கலாம். 8 மணிக்கு வந்தால் அவை உண்டு முடித்துச் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கலாம். வெயில் ஏறி, சூடான காற்று மேலெழத் தொடங்கியதும் கூழைக்கடாக்கள் சிறகடிக்காமலே வட்டமிட்டு உயரே போய்விடும். அந்தக் கனத்த உடம்பு அவ்வளவு இலேசாக எழுவதை நின்று பார்க்கலாம். ஆனால் அவை தங்கும் மரங்களின் கீழும் தெருவிளக்குக் கம்பங்களின் கீழும் நிற்கக் கூடாது. எந்த வாங்கு வெள்ளையாக இருக்கிறதோ அந்த வாங்கில் உட்காரக் கூடாது என்பதைப் பெரியம்மாவுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

கபரகொய்யாவைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. கரையோரக் கற்களில் வெயில் காய்ந்து கிடக்கும் இந்தப் பெரிய நீருடும்பு, நாம் நெருங்கினால் நீருக்குள் இறங்கிவிடும். வழிமறிக்காமல் விட்டால் அது நம்மைப் பொருட்படுத்தாது. கண்டியில் பிடிபட்ட ஒன்று 3.21 மீற்றர் நீளமிருந்ததாகப் பதிவுண்டு. இங்கே காண்பவை பெரும்பாலும் அதில் பாதியளவுதான், என்றாலும் பிள்ளைகளைக் கத்த வைக்க அது போதும். பறவைகளுக்காகவே காலையைச் செலவிட விரும்புகிறவர்கள் பேரே வாவியோடு நிற்காமல் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போகலாம். 2018 இல் ராம்சர் அமைப்பு முதன்முறையாக அங்கீகரித்த ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதற்குக் காரணமான சதுப்பு நிலங்களில் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நடைப்பாலத்தில் மீனுக்குப் பாண் துண்டு போடும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் மீன் உண்ணாமல் விட்டது அழுகிப் பாசிக்கே உரமாகிறது. ஏற்கெனவே ஊட்டம் மிஞ்சிக் கெட்ட நீரில் இன்னும் ஊட்டத்தைப் போடுவதைவிட, மீனை வெறுமனே பார்க்கப் பழக்குவது நல்லது என்பது என் எண்ணம். என் மருமகனுக்கு இது இன்னும் உடன்பாடில்லை.

மாநகர சபைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஒரு காலையில் சொன்னது எனக்கு எந்தக் கைந்நூலையும்விடப் பயன்பட்டது. “வெயிலுக்குப் பொறவு மொத மழை பேஞ்சா, மறுநாள் இந்தப் பக்கம் வராதீங்க மிஸ். கான் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து விழுது” என்றார். பல நாள் வறட்சியில் வடிகால்களில் தேங்கிக் கிடந்தது அத்தனையையும் முதல் மழை ஒரேயடியாக வாவிக்குள் தள்ளிவிடுகிறது. அடுத்தடுத்த மழைகள் அவ்வளவு மோசமில்லை. அவை நீரைச் சற்று ஐதாக்கவும் செய்கின்றன. இப்போது நடைக்கான நாளைத் தெரிவு செய்யும்போது, வரப்போகும் மழையை மட்டுமல்லாமல் பெய்து முடிந்த மழையையும் பார்க்கிறேன்.

மாலை நடையின் இயல்பு வேறு. மேற்குக் கரையில் நிழலில் நடந்தபடி எதிரே பார்த்தால், சாயும் வெயில் முழுவதும் சீமா மாளிகையின் நீலக் கூரையிலும் அதன் பின்னால் உயர்ந்த கட்டடங்களிலும் விழுந்துகொண்டிருக்கும். வடகிழக்கே, கிழக்கு வாவியின் கரையில், 350 மீற்றருக்கும் மேல் உயர்ந்த தாமரைக் கோபுரம் தெரியும். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால்தான் வாவியின் உண்மையான வடிவம் பிடிபடும். போர்த்துக்கேயர் தம் கோட்டையைக் காக்க ஓடையை மறித்துத் தேக்கிய நீர் இது என்பது மேலிருந்து பார்க்கும்போது விளங்குகிறது. தரைப்பக்கமிருந்து கோட்டையை நெருங்குகிறவரை இந்த நீர் மறிக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. 1587 இல் முற்றுகையிட்ட சீதாவாக்கை இராசசிங்கன் வாவியை வடித்துவிட ஆட்களை ஏவியதும் அதனால்தான். பின்னர் வந்த ஒல்லாந்தர், கோட்டையில் வேலை வாங்கிய ஆபிரிக்க அடிமைகளை இரவில் வாவி சூழ்ந்த நிலத்தில் அடைத்தார்கள். அவர்கள் நீந்தித் தப்பாதபடி நீரில் முதலைகள் விடப்பட்டன என்ற கதையும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பண்டங்களை ஏற்றிய படகுகள் மதகுப் பூட்டுகளைக் கடந்து துறைமுகத்துக்குப் போய்வந்தன. வாவிக்கரையில் மனிதர் உலாவ வேண்டும் என்பது மிகப் பிந்தி வந்த எண்ணம். கரை இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாலையில் கவனிக்க வேண்டியது இடிமுழக்கம். இடைப்பருவ காலத்தில் பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று, பிற்பகலில் உள்நாட்டுப் பக்கத்தில் முகிலாகத் திரண்டு மின்னலோடு பெய்கிறது. ஆகவே மேற்கே கடல் தெளிந்திருக்கிறது என்று நம்பிப் புறப்படக் கூடாது, கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கருமை திரண்டு முதல் முழக்கம் கேட்டால், நடைப்பாலத்திலோ மரத்தின் கீழோ மிதிபடகிலோ இருக்காமல் கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். அன்னப்பறவை வடிவிலான அந்த மிதிபடகுகளில் ஏறுகிறவர்கள் பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிவதும் நல்லது. வீதியோரத்து மாரா மரங்கள் முகில் மூடி வெளிச்சம் குன்றும்போதே இலைகளை மடிக்கத் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் அதைத் தூங்குமூஞ்சி மரம் என்கிறார்கள். ஆனால் மரத்தைப் பார்த்து மழையைக் கணிப்பதைவிடக் கைபேசியில் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது நம்பகமானது. மழையில்லாத மாலைகளிலும் வாங்குகளில் விரிந்த குடைகள் தெரியும். கொழும்பின் காதலர்களுக்கு வேறு கூரை இல்லை. அந்த வாங்குகளைக் கடக்கும்போது நடையைச் சற்றே விரைவுபடுத்திக்கொள்வது இந்த நகரத்து நாகரிகம்.

பெரியவர்களைக் கூட்டிச் செல்வோர் ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி அல்லது குடை, வியர்வை துடைக்க ஒரு துவாய் ஆகியவற்றைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். கழிப்பறை தேடி அலையாமலிருக்க, புறப்படும் இடத்திலேயே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு புறப்படாமல் சிறிதாவது உண்டு செல்ல வேண்டும். ஈரப்பதன் மிகுந்த காலையில் களைப்பு சொல்லாமல் வரும். நடை முடிந்ததும் கொம்பனித்தெருப் பக்கம் திரும்பினால் இஞ்சி போட்ட பிளேன்ரீக்குக் குறைவில்லை, தெருவோரத்தில் செவ்விளநீரும் கிடைக்கும். அங்குள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரத்தைக் காலை வெயிலில் பார்ப்பதற்காகவே பெரியம்மா சில நாள்களில் வாவி நடையைப் பாதியில் முடித்துக்கொண்டார். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. அந்தத் தெருக்களில் மலாய், முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்வதைப் பார்த்தபடி நடப்பதும் நடைதான்.

நாள்களில் எனக்கு மிகவும் பிடித்தது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரம். ஊருக்குப் போகிறவர்கள் போய்விட, கொழும்பு பாதி காலியாகிவிடுகிறது. வாகன ஓசை குறைந்த வாவிக்கரையில் குயிலின் குரல் நீருக்கு அப்பாலிருந்தும் கேட்கும். ஆனால் அந்த நாள்களில் பஸ்ஸும் ரயிலும் குறைவு, தேநீர்க் கடைகள் பலவும் பூட்டியிருக்கும். தண்ணீரோடு கொஞ்சம் பிஸ்கற்றும் எடுத்துச் செல்ல வேண்டும். வெசாக் வாரம் இதற்கு நேர்மாறு. கங்காராமய விகாரையைச் சூழ வாவியெங்கும் வெளிச்சக் கூடுகளும் தோரணங்களும் நிறைந்து, இரவில் நடக்க இடமில்லாதபடி கூட்டம் கூடும். அதைப் பார்க்கப் போகலாம், ஆனால் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் மாலை மங்குமுன்னே கூட்டிச் சென்று திரும்பிவிடுவது நல்லது.

மே மாதத்தின் பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று நிலைகொண்டதும் இந்தக் கணக்குகள் மாறிவிடுகின்றன. காற்று காலையிலும் மாலையிலும் மேற்கிலிருந்தே வீசும், பாசி கிழக்குக் கரையிலேயே தங்கிவிடும், நடக்கையில் வெயிலைவிட மழையே பெரும்பாலும் குறுக்கிடும். அந்த மாதங்களில் மழை விட்ட வேளையில் நடக்க வாய்த்தால், காலையானாலும் மாலையானாலும் பெரஹர மாவத்தைப் பக்கத்துக்கே போங்கள்.